டைனமோ மாறினால் காடி மாறுமா?

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் மாலை மழை பிடித்துக்கொண்டால் வண்டிகள் நகராது. வைப்பர் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும், இன்ஜின் கொதிக்காமல் மின்விசிறியும் சுற்ற வேண்டும். 1960களில் செய்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காடி ஒன்று இந்த நெரிசலில் மாட்டிக்கொண்டால், டேஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். டைனமோ மின்சாரம் தரவில்லை என்று அர்த்தம். வெளிச்சம் மங்கும். வைப்பர் தயங்கும். பாட்டரி தன் இருப்பைக் கரைக்க ஆரம்பிக்கும்.

இதில் காடியின் குற்றம் எதுவும் இல்லை. அந்தக் காலத்து எம்ஜிபி போன்ற காடிகளில் இருந்த லூக்காஸ் சி40 டைனமோ, நல்ல வேகத்தில் சுற்றும்போதே 22 ஆம்பியர்தான் தரும். இன்ஜின் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் அநேகமாக ஒன்றும் தராது. இரண்டு ஹெட்லைட்டுக்கு எட்டு, ஒன்பது ஆம்பியர், வைப்பருக்கு மூன்று, இக்னிஷனுக்கு மூன்று நான்கு, பின்விளக்குகளுக்குக் கொஞ்சம், பிற்பாடு சேர்த்த மின்விசிறிக்கு எட்டுக்கும் மேலே என்று கூட்டிப் பார்த்தால் டைனமோவின் உச்ச வரம்பைத் தாண்டிவிடுகிறது. குளிர்ந்த நாட்டின் வெறிச்சோடிய கிராமச் சாலைகளுக்குப் போட்ட கணக்கு அது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வெக்கையும் அடைமழையும் நெரிசலும் அந்தக் கணக்கில் இல்லை.

பரிகாரம் எல்லாப் பட்டறைக்கும் தெரிந்ததுதான்: டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவது. டைனமோவில் மின்சாரம் சுழலும் ஆர்மேச்சரில் பிறக்கிறது. முழு மின்னோட்டமும் கம்யூட்டேட்டர் வழியாக, கார்பன் பிரஷ் வழியாக வெளியே வந்தாக வேண்டும். அந்த வாசல் குறுகியது, தேய்மானமும் அதிகம். ஆல்டர்னேட்டரில் மின்சாரம் அசையாத சுருள்களில் பிறக்கிறது. பிரஷ்கள் சுமப்பது காந்தத்தை உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டுமே. பிறந்த மாறுமின்னோட்டத்தை ஆறு டையோடுகள் நேர்மின்னோட்டமாக்கிவிடுகின்றன. அதனால் அதை வேகமாகச் சுற்ற விடலாம்; இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் பாட்டரிக்குத் தீனி கிடைக்கும். லூக்காஸின் 16ஏசிஆர் 34 ஆம்பியர் தந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லரின் வேலியண்ட் 1960-லேயே ஆல்டர்னேட்டரோடு விற்பனைக்கு வந்தது. எம்ஜிபியும் 1967-ன் இறுதியில் மாறியது. அதற்கு முன் வந்த எம்ஜிபிகள் எல்லாம் டைனமோ வண்டிகள்.

மாற்றுவது ஒரு நாள் வேலை. ஆனால் அது ஒரு பொருளை எடுத்து இன்னொன்றை வைப்பதோடு முடிவதில்லை. அந்தக் காடிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருந்தது. சாதாரண ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் முனை உடலோடு சேர வேண்டும். பாட்டரியைத் திருப்ப வேண்டும், காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்ற வேண்டும், மின்னணு ரெவ் கவுண்டரின் உள்ளே கைவைக்க வேண்டும், பழைய வானொலி இருந்தால் அதற்கும் வழி பார்க்க வேண்டும். ரெகுலேட்டர் பெட்டிக்கு வேலை போய்விடுகிறது. அதிக மின்னோட்டத்தைத் தாங்கத் தடிமனான வயர் இழுக்க வேண்டும். காடியின் நரம்பு மண்டலம் முழுக்கத் தலைகீழாகிறது என்றே சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில்தான் பழைய காடிகளை நேசிப்பவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தால்தான் அது அந்தக் காடி என்பது ஒரு கட்சி. ஓடினால்தான் காடி, ஓடாதது வெறும் தகரம் என்பது மறு கட்சி. இரண்டு தரப்பிலும் அன்பு இருக்கிறது. ஆனால் இரண்டும் பதில் சொல்லாமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. இன்று டைனமோ, நாளை கார்புரேட்டர், பிறகு கியர்பாக்ஸ், அதற்குப் பிறகு தரைத்தகடு என்று மாறிக்கொண்டே போனால், எந்த நாளில் அது வேறு காடியாகிறது?

கிரேக்கர்கள் இதைக் கப்பலை வைத்துக் கேட்டார்கள். புராண வீரன் தீசியஸ் வந்த கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து வைத்து, உளுத்துப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் வாதிட்டதைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சைக் கூடுதலாகப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டே இரண்டாவது கப்பல் ஒன்றைக் கட்டினால், எது தீசியஸின் கப்பல்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நிற்பவர்களுக்கு இதே கேள்வி கப்பலில் வராது, தேரில் வரும். ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் பௌத்த மகா விகாரை 1894-ல் சிங்கள பௌத்தர்கள் தொடங்கிய சங்கத்தின் வழி வந்தது; கே. ஸ்ரீ தம்மானந்த தேரர் 1952-ல் இங்கே வந்து, 2006-ல் மறையும்வரை தலைமைப் பிக்குவாக இருந்தார். அந்த விகாரை பேணும் தேரவாத மரபில் மிலிந்த பஞ்ஹா என்ற நூலுக்குப் பெருமதிப்பு உண்டு. கிரேக்க வழி அரசன் மிலிந்தன், நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்வி கேட்க வருகிறான். எதில் வந்தாய் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். தேரில் என்கிறான். ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார் நாகசேனர். எதுவும் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் வெளியே தேர் என்று தனியாக ஒன்று இருக்கிறதா? அதுவும் இல்லை. உறுப்புகள் கூடி நிற்கும்போது வழங்குகிற பெயர்தான் தேர். மனிதனும் அப்படித்தான் என்று முடிக்கிறார்.

காடிக்காரருக்கு இது பெரிய ஆறுதல். மாறக்கூடாத சாரம் என்று ஒன்று காடிக்குள் இல்லையென்றால், ஆல்டர்னேட்டர் எந்தச் சாரத்தையும் கெடுத்துவிட முடியாது. ஆனால் ஆறுதலோடு ஒரு சங்கடமும் சேர்ந்தே வருகிறது. வெறும் பெயர்தான் என்றால், யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சூட்டிவிடலாமே?

தமிழ் மரபு பௌத்தரின் இந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததில்லை. சமண காவியமான நீலகேசி பௌத்த ஆசிரியர்களோடு நேருக்கு நேர் மோதுகிறது. கணந்தோறும் எல்லாம் அழிந்து பிறக்கிறது என்றால் நேற்று செய்த வினையின் பயனை இன்று யார் அனுபவிப்பது என்ற கோணத்தில் விடாமல் துருவுகிறது. சைவரான அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து மறுக்கிறார். அவருடைய ஆசான் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அதில் ஒன்று மிக எளிமையானது: என் உடல் என்று ஒருவன் சொல்கிறான், அப்படியானால் சொல்கிறவன் உடலுக்கு வேறானவன். கை போனாலும், பல் விழுந்தாலும், எழுபது வயதில் உடம்பு முழுக்க உருமாறினாலும், என்னுடையது என்று சொல்லும் ஒன்று உள்ளே நிற்கிறது.

இந்த அளவுகோலைக் காடியின்மேல் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளியத் தொடங்குகிறது. காடி ஒருபோதும் என் டைனமோ என்று சொல்லாது. மாற்றத்தைத் தாண்டி நிற்கும் உயிர் அதற்குள் இல்லை. காடியைப் பொறுத்தவரை நாகசேனர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் மெய்கண்டார் காட்டிய ‘என்’ என்ற சொல் காணாமல் போய்விடவில்லை. காடிக்கு வெளியே, அதை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. உயிருள்ள ஒன்று தன் அடையாளத்தைத் தானே சுமந்து செல்கிறது. உயிரில்லாத பொருளின் அடையாளத்தை யாராவது சுமந்தாக வேண்டும். சுமப்பவர் கைவிட்டால், ஒரு திருகாணிகூட மாறாத காடியும் பெயரற்ற இரும்புதான்.

சுமப்பது என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னது இல்லை. அதைச் செயல்முறையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் பலமுறை கண்ணால் பார்த்தும் இருக்கிறார்கள்: கும்பாபிஷேகம்.

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைத் தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தார் 1873-ல் தொடங்கினார்கள். அது 1885-ல் இன்றைய துன் எச்.எஸ். லீ சாலைக்கு இடம் மாறியது. அத்தாப்புக் கூரை போய்ச் செங்கல் கட்டடம் வந்தது. அதுவும் போய், 1960களின் இறுதியில் இன்றைய கட்டடம் எழுந்தது. தைப்பூசத்துக்கு இங்கிருந்து பத்துமலைக்குப் புறப்படும் தேர் ஒரு காலத்தில் மரத்தேர், இன்று வெள்ளித்தேர். இடம், கூரை, சுவர், தேர் எல்லாம் மாறிவிட்டன. இது 1873-ன் கோயில் இல்லை என்று இந்த நகரத்தில் யாரும் சொன்னதில்லை. கிள்ளானில் 1890களில் தொடங்கிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் புதுப்பித்துப் புதுப்பித்தே வந்திருக்கிறது. அங்கே சனிக்கிழமை வரிசையில் நிற்பவருக்குச் சுவரின் வயதைப் பற்றிச் சந்தேகம் வருவதில்லை.

எப்படி வராமல் இருக்கிறது? திருப்பணி தொடங்கும் முன் சிவாச்சாரியார்கள் கலாகர்ஷணம் செய்கிறார்கள். மூர்த்தியில் இருக்கும் தெய்வ ஆற்றலை மந்திரத்தால் கும்பத்து நீரில் ஏற்றுகிறார்கள். அங்கிருந்து அது பாலாலயத்துக்குப் போகிறது. அத்திப் பலகையிலோ படத்திலோ எழுந்தருளி, சிறு கூடாரத்தில் நித்திய பூஜையை ஏற்றுக்கொள்கிறது. கருவறை பூட்டியிருக்கும் மாதங்களிலும் ஒரு வேளை பூஜை தவறக் கூடாது. வேலை முடிந்ததும் கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டையும் இடித்துச் சேர்த்த அஷ்டபந்தனத்தால் மூர்த்தியைப் பீடத்தில் நிறுத்துகிறார்கள். யாகசாலையிலிருந்து கும்பங்களைத் தலையில் சுமந்து வருகிறார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கம். இந்த மருந்தே காலப்போக்கில் இறுகி விரிசல் விடும், மாற்றியாக வேண்டும். பழுது என்பது அவமானமாகக் கருதப்படவில்லை. ஆகமம் அதற்கு நாள் குறித்துத் தந்திருக்கிறது.

கல்லும் சுதையும் மாறலாம், வழிபாட்டின் இழை அறுந்துவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. மாற்றத்தைக் கண்டு ஆகமம் அஞ்சவில்லை. இடைவெளியைக் கண்டுதான் அஞ்சுகிறது.

ஆகமத்தை அறியாத ஒரு லண்டன் நீதிபதி, காடி ஒன்றைப் பற்றிய வழக்கில், ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் 1929-லும் 1930-லும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. இரண்டு முறையும் வுல்ஃப் பர்னாட்டோ ஓட்டினார், முதலில் டிம் பர்க்கினோடு, அடுத்து க்ளென் கிட்ஸ்டனோடு. பிறகு புரூக்லேண்ட்ஸ் பந்தயங்களுக்காக அதன் உடலை மாற்றினார்கள், எட்டு லிட்டர் இன்ஜின் ஏற்றினார்கள். 1932-ல் அங்கே நடந்த விபத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். மீண்டும் கட்டி, சாலைக்காடியாக்கினார்கள். 1990-ல் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்த நிறுவனம், இது அந்தப் பழைய காடியே இல்லை என்று சொல்லிப் பின்வாங்கியது. வழக்கு உயர்நீதிமன்றம் போனது. 1929-ல் லெ மான்ஸில் ஓடிய உலோகத்தில் மிகக் கொஞ்சமே மிச்சமிருந்தது என்பதை நீதிபதி ஓட்டன் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அந்தக் காடி ஒருபோதும் காணாமல் போனதில்லை. அது பிரதியும் இல்லை, செத்துப் பிழைத்ததும் இல்லை. பந்தயக் காடியாக இருந்து படிப்படியாக மாறியபடியே தொடர்ந்து வந்திருக்கிறது. எனவே அந்தப் பெயருக்கு உரியது அதுதான் என்று தீர்ப்பளித்தார். விலை பேசியவர்கள் வாங்க வேண்டியதாயிற்று.

உறுப்புகளை எண்ணி விகிதம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் பென்ட்லி தோற்றிருக்கும். தொடர்ச்சியைப் பார்த்ததால் வென்றது. பாதிக்கு மேல் மாறினால் போச்சு என்று கோடு கிழிப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். 49 விழுக்காட்டில் உயிரோடு இருந்து 51-ல் சாகும் பொருள் எங்கே இருக்கிறது?

ஹாப்ஸ் போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அது ஏட்டுக் கற்பனையும் இல்லை. ஜப்பானில் ஓடி முடித்த காடிகளை நடுவில் அறுத்து, முன்பாதியைக் கொள்கலனில் ஏற்றி அனுப்புகிறார்கள். இங்கே ‘ஹாஃப் கட்’ கடைகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஆல்டர்னேட்டருமாகப் பிரிந்து விற்பனையாகின்றன. பழைய ஸ்போர்ட்ஸ் காடிக்கு ஏறும் ஆல்டர்னேட்டர் ஏதோ ஒரு ஜப்பானியக் காடியிலிருந்து வந்திருக்கலாம். அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஆல்டர்னேட்டருக்குப் பதிவேட்டில் பெயர் கிடையாது. இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் மட்டுமே கிராண்ட் என்னும் பதிவுச் சான்றில் ஏறுகின்றன. இன்ஜின் மாறினால் வாகனச் சோதனையும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வேண்டும். எது அடையாளத்தைச் சுமக்கிறது, எது சுமக்கவில்லை என்று சட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறது.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், அடையாளம் சுமக்கும் உறுப்பு தனியாகத் திரியும்போது. நொறுங்கிப்போன காடியின் சேஸித் தகடு ஒருவர் கையில், அதன் இன்ஜின் இன்னொருவர் பட்டறையில் என்று இருந்தால், ஒரே பெயரில் இரண்டு காடிகள் எழுந்து நிற்கும். ஹாப்ஸின் இரண்டாவது கப்பல் அப்போது மெய்யாகவே கடலில் இறங்கிவிடுகிறது. ஆகமங்கள் இதற்கும் இடம் வைத்திருக்கின்றன. பின்னமான மூர்த்தியை எடுத்துவிட்டுப் புதியதை நிறுவும்போது, பழையது கல்லானால் ஆழ்ந்த நீரில் விட வேண்டும், மரமானால் தீக்குக் கொடுக்க வேண்டும். ஆற்றல் கும்பத்துக்கு மாறிய பிறகு பழைய உரு வேறெங்கோ போய், நானும் அந்தத் தெய்வமே என்று நிற்க வாய்ப்பே இருக்கக் கூடாது. புளூட்டார்க்கின் ஏதென்ஸ் நகரத்தார் பழைய பலகைகளை எரித்திருந்தால் ஹாப்ஸுக்குக் கேள்வியே இருந்திருக்காது. தத்துவத்தில் இன்றுவரை ஓயாத ஒரு விவாதத்துக்குக் கோயில் மரபு செயல்முறையிலேயே கதவடைத்திருப்பது, அதற்குரிய கவனத்தை இன்னும் பெறவில்லை.

இனி, இந்தத் தலைமுறையின் சிக்கல் ஒன்று. டைனமோவின் உருளை ஓட்டுக்குள்ளேயே ஆல்டர்னேட்டரை ஒளித்துச் செய்து விற்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் கறுப்பு நிறத்தில், அதே நீளத்தில், அதே இடத்தில் டைனமோ தெரியும். உள்ளே டையோடுகள். கண்ணுக்கு 1963, பாட்டரிக்கு இன்றைய காலம். இது மரியாதையா, ஏமாற்றா?

மாற்றுவது தவறில்லை என்று மேலே சொன்ன அத்தனையும் ஒரு நிபந்தனையில் நிற்கின்றன: சுமப்பவர் உண்மையாகச் சுமக்க வேண்டும். கும்பாபிஷேகம் ரகசியமாக நடப்பதில்லை. பத்திரிகை அடித்து, மேளம் கொட்டி, ஊரைக் கூட்டி, இன்ன தேதியில் புதுப்பித்தோம் என்று சுவரில் கல்வெட்டும் பதிக்கிறார்கள். அந்தக் கல்வெட்டு கோயிலின் பழமையைக் குறைப்பதில்லை. பழமைக்கு அதுதான் சாட்சி. பென்ட்லி வழக்கில் விற்றவர் பக்கம் நின்றதும் அந்தக் காடி ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது என்ற பதிவுதான். ஆகவே அழகுக்காக ஆல்டர்னேட்டரை டைனமோ உருவில் வைப்பதில் பிழையில்லை. அடுத்து அந்தக் காடியில் கைவைக்கப்போகும் பட்டறைப் போமனுக்கும், அடுத்து வாங்கப்போகிறவருக்கும் மறைத்தால் அது பிழை. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மூடிவைப்பதும், தெரிந்தால் விலை குறையும் என்று மூடிவைப்பதும் வெளியே ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இரண்டாவது திருட்டு.

கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலில் புதுக் காடியை நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்துப் பூஜை போடும் வழக்கம் கோலாலம்பூரில் எல்லாருக்கும் தெரிந்தது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தால் அந்தப் பூஜை கழிந்துவிடுமா என்று கேட்கலாம். கழியாது. அர்ச்சகர் அர்ச்சனை செய்தது செம்புச் சுருளின் பெயருக்கு இல்லை, கொண்டுவந்தவரின் பெயருக்கு, நட்சத்திரத்துக்கு. அந்தக் குடும்பம் ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குத் திரும்பவும் அதே காடிக்குப் பொட்டு வைக்கிறது. இடைப்பட்ட ஆண்டில் டயரும் பாட்டரியும் மாறியிருந்தாலும் அதே காடிக்குத்தான் வைக்கிறது.

கழற்றிய டைனமோ தூக்கி எறியும் பொருள் இல்லை. எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, காடியோடு சேர்த்தே வைக்க வேண்டும்; காடி கைமாறும்போது அதுவும் கூடவே போக வேண்டும், தனியாக விலைபோகக் கூடாது. அது அடையாளம் சுமக்கும் உறுப்பு இல்லைதான். ஆனாலும் அடுத்து வருபவர் பழையபடியே வேண்டும் என்று நினைத்தால் அவருக்கு வழி திறந்திருக்கும். வயரிங்கை வெட்டாமல், பழைய இணைப்புகளை மீட்கும்படி விட்டுவைப்பதும் அதே காரணத்துக்காகத்தான். எல்லாவற்றையும்விட அவசரமான வேலை பாட்டரிப் பக்கம் இருக்கிறது. பழைய காடி என்பதால் பாசிட்டிவ்தான் எர்த் என்று நம்பி ஒரு வயரிங் கடைக்காரர் பாட்டரியைத் திருப்பி மாட்டினால், ஆறு டையோடும் கண் மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். அதனால் பாட்டரிக்கு மேலே, மை கரையாத பட்டை ஒன்றில் மூன்று விவரங்களை எழுதி ஒட்ட வேண்டும்: இப்போது நெகட்டிவ் எர்த், மாற்றிய தேதி, மாற்றியவர் பெயர்.